இருவர் பெயரில் ஒரு வீடு, இரண்டு வரிக் கணக்கு: மடிப்பாக்கம் வீட்டு விற்பனை – நிகழ்வு ஆய்வு

சென்னை மடிப்பாக்கத்தில் ஒரு கிரவுண்ட் மனை, அதன்மேல் தரைத்தளமும் மாடியில் ஓர் அறையும் கொண்ட வீடு. கணவன், மனைவி இருவர் பெயரிலும் பத்திரம். 17.10.2025 அன்று ₹1,90,00,000-க்குக் கிரயம். பணம் வந்ததும் குடும்பத்தில் எழுந்த முதல் கேள்வி, “மொத்தமாக எவ்வளவு வரி?” என்பது. அந்தக் கேள்விக்கு நேரான பதில் கிடையாது. வருமான வரிச் சட்டத்துக்குத் தம்பதி என்று ஒரு வரிதாரர் இல்லை. இரண்டு பான் எண், இரண்டு பங்கு, இரண்டு லாபம், இரண்டு ரிட்டர்ன். “யார் பங்கு எவ்வளவு?” என்பது கிரயத்துக்கு முன்பே முடிவாகியிருந்தால்தான் டிடிஎஸ்ஸும் (வாங்குபவர் விலையில் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) வரிவிலக்கும் தடுமாறாமல் நடக்கும்.

பல குடும்பங்களில் திரும்பத் திரும்ப வரும் நிலைமைகளைச் சேர்த்து அமைத்த மாதிரி நிகழ்வு இது. தொகைகள் கணக்குக்காக எடுத்தவை. விகிதங்களும் குறியீடுகளும் (விலைவாசி உயர்வுக்கு ஏற்ப வாங்கிய விலையைக் கூட்டிக் கணக்கிட உதவும் எண்கள்) 2025-26 நிதியாண்டுக்கு உரியவை. பிரிவு எண்கள் 1961 சட்டத்தின்படி. 1.4.2026 முதல் நடக்கும் விற்பனைகளுக்கு 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் பொருந்தும், அதில் பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன.

கையில் இருந்த விவரங்கள்

மனை 2006 ஜூலையில் வாங்கியது. முத்திரைத்தாள், பதிவுச் செலவு எல்லாம் சேர்த்து ₹18,00,000. கணவர் தன் வங்கிக் கணக்கிலிருந்து ₹10,80,000 கொடுத்தார். ஆசிரியையான மனைவி தன் சேமிப்பும் தன் நகையை விற்ற பணமுமாக ₹7,20,000 கொடுத்தார். வீடு 2010-11-இல் கட்டியது, செலவு ₹24,00,000. அதில் பெரும்பகுதி இருவரும் சேர்ந்து வாங்கிய வீட்டுக்கடன். இஎம்ஐ இருவர் கணக்கிலிருந்தும் போனது. கைப்பணமும் இஎம்ஐயும் கூட்டிப் பார்த்தால் கணவர் ₹14,40,000, மனைவி ₹9,60,000. மாடி அறை 2018-19-இல், ₹6,00,000, இதே விகிதத்தில். விற்பனைத் தரகு ₹1,90,000, வங்கி மூலம் கொடுத்தது, ரசீது உண்டு.

கிரயத் தேதியில் வழிகாட்டி மதிப்புப்படி (முத்திரைத்தாள் வரிக்காக அரசு வைக்கும் மதிப்பு) மனைக்கும் கட்டடத்துக்கும் சேர்த்து ₹1,71,00,000. கிரயத் தொகை அதைவிட அதிகம் என்பதால் 50சி பிரிவு இங்கே குறுக்கிடவில்லை. முத்திரைத்தாள் மதிப்பு கிரயத் தொகையின் 110 சதவீதத்தைத் தாண்டினால்தான் அந்த மதிப்பையே விற்பனை விலையாக எடுப்பார்கள். ஒப்பந்தத்துக்கும் கிரயத்துக்கும் இடையில் வழிகாட்டி மதிப்பு ஏறிவிட்டால் ஒப்பந்தத் தேதியின் மதிப்பைக் கேட்டு வாங்கலாம். ஆனால் அட்வான்ஸில் ஒரு பகுதியாவது அந்தத் தேதியிலோ அதற்கு முன்போ வங்கி வழியாக வந்திருக்க வேண்டும். கையில் ரொக்கமாக வாங்கிய அட்வான்ஸ் இதற்கு உதவாது. போதாததற்கு, ₹20,000-மோ அதற்கு மேலோ ரொக்கமாக அட்வான்ஸ் வாங்குவது 269எஸ்எஸ் பிரிவை மீறுவது. அபராதம் வாங்கிய தொகைக்குச் சமம்.

பங்கு: பத்திரம் சொல்லாததை எது சொல்லும்?

2006 பத்திரத்தில் வாங்குபவர்கள் என்று இருவர் பெயரும் இருக்கின்றன. யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு வரி கூட இல்லை. தமிழ்நாட்டில் தம்பதிகள் பெயரில் இருக்கும் பத்திரங்களில் இது மிகச் சாதாரணம். குடும்பத்தார் மூன்று விதமாக யோசித்தார்கள்: சரிபாதி, சம்பளம் அதிகம் என்பதால் முழுவதும் கணவருடையது, அல்லது வருமானம் குறைந்த மனைவி பெயரில் அதிகம் காட்டுவது.

மூன்றும் தவறு. இதற்குப் பதில் வரிச் சட்டத்தில் இல்லை, 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 45-ஆம் பிரிவில் இருக்கிறது. இருவர் தத்தம் பணத்தைப் போட்டுச் சேர்ந்து வாங்கினால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, போட்ட பணத்தின் விகிதமே பங்கு. யார் எவ்வளவு போட்டார்கள் என்பதற்கு ஆதாரமே இல்லை என்றால் மட்டும் சரிபாதி என்று வைத்துக்கொள்ள வேண்டும். இங்கே ஆதாரம் இருக்கிறது: மனை, கட்டடம், மாடி அறை மூன்றிலும் 60:40. ஆகவே கணவருக்கு 60, மனைவிக்கு 40.

இந்த முடிவுக்கு வலுக் கொடுத்தவை பழைய வங்கிப் பாஸ்புக், நகை விற்ற ரசீது, கடன் கணக்கு அறிக்கை, பழைய ரிட்டர்ன்கள். வீட்டுக்கடன் வட்டிக் கழிவையும் இருவரும் 60:40 என்றே காட்டி வந்திருந்தார்கள். பல வீடுகளில் சறுக்குவது இந்த இடத்தில்தான். வட்டிக் கழிவைப் பத்து வருடம் சரிபாதியாகக் காட்டிவிட்டு, விற்கும்போது 80:20 என்று எழுதினால், அந்த ரிட்டர்ன்களே எதிர்ச் சாட்சியாக நிற்கும்.

சரிபாதி என்று காட்டினால் என்ன ஆகும்? இந்த வழக்கில் வரி பெரிதாகக் குறையாது. கணவரின் பணத்தில் வந்த 10 சதவீதம் மனைவிக்கு விலையில்லாமல் போனதாகும். 64(1)(iv) பிரிவின்படி அந்தப் பத்து சதவீதத்தின் லாபம் கணவர் வருமானத்திலேயே சேரும். விற்பதற்கு முன் கணவர் தன் பங்கை மனைவிக்குச் செட்டில்மெண்ட் எழுதினாலும் இதே கதிதான். செட்டில்மெண்ட் பத்திரம் உரிமையை மாற்றும், வரியை மாற்றாது. வருமானம் இல்லாத மனைவியின் பெயரை மரியாதைக்காகவோ பாதுகாப்புக்காகவோ பத்திரத்தில் சேர்த்து, முழுப் பணமும் கணவர் கொடுத்திருந்தால், லாபம் முழுவதும் கணவர் கணக்கில்தான். அதே சமயம், மனைவியின் சீதன நகையை விற்ற பணம் மனைவியுடைய பணம். அதற்கான ரசீதையும் அது வங்கியில் ஏறிய பக்கத்தையும் பத்திரத்தோடு சேர்த்து வைக்கச் சொல்ல வேண்டும். பெண்களின் பங்கு பெரும்பாலும் காகிதம் இல்லாமல்தான் காணாமல் போகிறது.

புதிய கிரயப் பத்திரத்தில் “விற்பவர்களில் முதல்வருக்கு 60 சதவீதம், இரண்டாமவருக்கு 40 சதவீதம்” என்று எழுதி, விலையையும் ₹1,14,00,000, ₹76,00,000 என்று பிரித்து, இரண்டு தனித்தனி ஆர்டிஜிஎஸ் மூலம் அவரவர் கணக்கில் வாங்கினார்கள். முழுத் தொகையையும் கணவர் கணக்கில் வாங்கிப் பிறகு மனைவிக்கு அனுப்பினால் பங்கு மாறிவிடாது. ஆனால் மனைவியின் முதலீடு மனைவியின் பணத்தில்தான் வந்தது என்று காட்ட ஒரு படி கூடுதலாக ஏற வேண்டியிருக்கும்.

வாங்கிய விலையில் எது சேரும்

மனை 18 லட்சம், கட்டடம் 24 லட்சம், மாடி அறை 6 லட்சம். ஆகமொத்தம் 48 லட்சம். மாடி அறைக்குத் திட்ட அனுமதி, கொத்தனார் ஒப்பந்தம், வங்கிப் பணமாற்றம் மூன்றும் இருந்தன. பெயின்ட், குழாய் மாற்றம், சமையலறை அலமாரி என்று இன்னொரு ₹3,75,000 செலவையும் சேர்க்கக் கேட்டார்கள். பெயின்டும் குழாயும் பராமரிப்பு. மேம்பாட்டுச் செலவு ஆகாது. அலமாரியைப் பற்றி வாதாடலாம், ஆனால் பில்லே இல்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டார்கள், அதுவே சரி. 24(பி) பிரிவில் ஏற்கெனவே கழித்த வீட்டுக்கடன் வட்டியை வாங்கிய விலையில் மறுபடி சேர்க்கக் கூடாது என்று 2024-25 கணக்கீட்டாண்டு முதல் சட்டமே வெளிப்படையாகச் சொல்கிறது.

மனைக்கும் கட்டடத்துக்கும் ஒரே ஆண்டின் குறியீட்டைப் போடுவது அடிக்கடி நடக்கும் பிழை. கட்டடச் செலவு நடந்தது 2010-11. அதற்கு 2006-07-இன் குறியீட்டைப் போட்டால் வாங்கிய விலை பொய்யாக வீங்கும். மனைக்கு 2010-11-ஐப் போட்டால் வீணாகச் சுருங்கும். விற்ற ஆண்டான 2025-26-இன் குறியீடு 376. 2006-07-க்கு 122, 2010-11-க்கு 167, 2018-19-க்கு 280.

மனை: 18,00,000 × 376 ÷ 122 = ₹55,47,541
கட்டடம்: 24,00,000 × 376 ÷ 167 = ₹54,03,593
மாடி அறை: 6,00,000 × 376 ÷ 280 = ₹8,05,714
மொத்தம்: ₹1,17,56,848

1.4.2001-க்கு முன் வாங்கிய சொத்தாக இருந்தால் அந்தத் தேதியின் சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். அது அதே தேதியின் முத்திரைத்தாள் மதிப்பைத் தாண்டக் கூடாது. இங்கே அது தேவைப்படவில்லை.

இரண்டு வழியிலும் போட்டுப் பார்த்த வரி

23.7.2024 முதல் நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு (பல ஆண்டு வைத்திருந்து விற்ற சொத்தின் லாபத்துக்கு) 12.5 சதவீதம், குறியீடு கிடையாது. ஆனால் அந்தத் தேதிக்கு முன் வாங்கிய நிலம், கட்டடத்தை இந்தியாவில் வசிப்பவராகக் கருதப்படும் தனிநபர் விற்றால், பழைய முறையில் குறியீட்டோடு 20 சதவீதம் போட்டுப் பார்க்க வேண்டும். 12.5 சதவீத வரி அதைவிட அதிகமாக இருந்தால், அதிகமான பகுதியைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று 112-ஆம் பிரிவு சொல்கிறது. பழைய முறையில் நட்டம் வந்தால் அந்த நட்டத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக முடியாது. இந்தச் சலுகை வரிக்கு மட்டும்தான்.

தரகு போகக் கையில் நிற்பது ₹1,88,10,000.

குறியீடு இல்லாமல் லாபம் ₹1,40,10,000, 12.5 சதவீத வரி ₹17,51,250.
குறியீட்டோடு லாபம் ₹70,53,152. 20 சதவீத வரி ₹14,10,630.

பழைய முறை ₹3,40,620 மலிவு. பங்குப்படி:

கணவர் (60%): குறியீடு இல்லா லாபம் ₹84,06,000, குறியீட்டு லாபம் ₹42,31,891, வரி ₹8,46,378
மனைவி (40%): குறியீடு இல்லா லாபம் ₹56,04,000, குறியீட்டு லாபம் ₹28,21,261, வரி ₹5,64,252

இதற்குமேல் சர்சார்ஜும் (வருமானம் அதிகமானால் வரியின்மேல் ஏறும் கூடுதல் வரி) 4 சதவீத செஸ்ஸும். கணவரின் வரிக்குரிய சம்பளம் ₹14,00,000, மனைவியுடையது ₹6,00,000. இருவரும் புதிய வரிமுறையில். இருவரின் மொத்த வருமானமும் 50 லட்சத்தைத் தாண்டி, ஒரு கோடிக்குள் நிற்பதால் 10 சதவீத சர்சார்ஜ். எந்த முதலீடும் செய்யாவிட்டால் இந்த லாபத்தின்மேல் மட்டும் கணவருக்கு ₹9,68,256, மனைவிக்கு ₹6,45,504, கூட்டினால் ₹16,13,760. முழு வீடும் கணவர் ஒருவருடையதாக இருந்திருந்தால் வருமானம் ஒரு கோடியைத் தாண்டி சர்சார்ஜ் 15 சதவீதமாகும், வரி ₹16,87,113. இரண்டு பேர் என்பதால் விகிதத்தில் கிடைத்த லாபம் ₹73 ஆயிரம் சொச்சம்தான். இருவர் பெயரில் சொத்து இருப்பதன் உண்மையான பலன் சர்சார்ஜில் இல்லை. வரிவிலக்கு உச்சவரம்புகள் ஆளுக்கு ஒன்றாகக் கிடைப்பதில் இருக்கிறது.

எவ்வளவு பணத்தைப் போட்டால் போதும்

விற்ற பணம் முழுவதையும் புது வீட்டில் போட வேண்டும் என்று நம்பி, தேவைக்கு மீறிய வீட்டை வாங்கிக் கடனில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. வீட்டை விற்று வீடு வாங்குபவருக்கு 54-ஆம் பிரிவு கேட்பது லாபத்தை மட்டுமே. விற்பனைத் தொகை முழுவதையும் போடச் சொல்வது 54எஃப். அது காலிமனை, தங்கம், கம்பெனிப் பங்கு போன்ற வேறு சொத்தை விற்று வீடு வாங்குபவர்களுக்கு.

அடுத்த கேள்வி, எந்த லாபம்? 112-ஆம் பிரிவின் சொற்களை அப்படியே படித்தால் ஒப்பிட வேண்டியது பழைய சட்டப்படி வரும் வரியை. பழைய சட்டத்தில் குறியீட்டு லாபத்திலிருந்து 54, 54இசி (குறிப்பிட்ட நிறுவனங்களின் கடன் பத்திரத்தில் போடும் பணத்துக்கு உரியது) விலக்கைக் கழித்து, மீதிக்கு 20 சதவீதம். குறியீட்டு லாபத்துக்குச் சமமாக முதலீடு செய்துவிட்டால் பழைய வரி சுழியம்; 12.5 சதவீதக் கணக்கில் எவ்வளவு வந்தாலும் அது சுழியத்தைவிட அதிகம், ஆகவே விட்டுவிட வேண்டிய பகுதி. இந்தக் குடும்பம் போட வேண்டியது ₹1.40 கோடி இல்லை, ₹70.53 லட்சம்.

அவர்கள் பார்த்து வைத்த பழைய அடுக்குமாடி வீட்டின் விலை ₹60 லட்சம், முத்திரைத்தாள், பதிவு சேர்த்து ₹66 லட்சம். பதிவுச் செலவும் வீட்டின் அடக்க விலையில் சேரும். பிரித்த விதம்:

மனைவி: புது வீட்டில் ₹28,50,000. குறியீட்டு லாபம் ₹28,21,261 முழுவதும் அடங்கிவிட்டது.
கணவர்: புது வீட்டில் ₹37,50,000, 54இசி பத்திரத்தில் ₹4,90,000. மொத்தம் ₹42,40,000, குறியீட்டு லாபம் ₹42,31,891.

54இசி பத்திரங்களை ஆர்இசி, பிஎஃப்சி, ஐஆர்எஃப்சி போன்ற நிறுவனங்கள் வெளியிடுகின்றன. ஒரு பத்திரம் ₹10,000 என்பதால் ₹4,81,891 தேவைக்கு ₹4,90,000 போட வேண்டியிருக்கிறது. விற்ற நாளிலிருந்து ஆறு மாதம், அதாவது 16.4.2026-க்குள். ஐந்து வருடம் கைவைக்க முடியாது, வட்டி 5.25 சதவீதம், அதற்கும் வரி உண்டு. அடகு வைத்துக் கடன் வாங்கினால் விலக்கு பறிபோகும். உச்சவரம்பு ஆளுக்கு ₹50 லட்சம், ஆகவே தம்பதிக்கு ஒரு கோடி. புது வீடு வாங்க விருப்பமே இல்லாதவர்களுக்கு இந்த ஒரு வழியே போதுமானது: இந்த வழக்கில் கணவர் ₹42,40,000, மனைவி ₹28,30,000 போட்டிருந்தாலும் லாபத்தின் வரி சுழியம்தான். ஆறாவது மாதத்தின் கடைசி வாரம் வரை காத்திருக்கக் கூடாது. விண்ணப்பம் பான் பிழைக்காகவோ வங்கி விவரப் பிழைக்காகவோ திரும்பினால் மறுபடி போட நாள் இருக்காது.

புது வீட்டுப் பத்திரத்தில் இருவர் பெயரும், போட்ட பணத்தின் விகிதமும் இருக்க வேண்டும். விற்ற பங்கு கணவருடையதாக இருந்து, புது வீட்டை மனைவி பெயரில் மட்டும் வாங்கினால் விலக்கு உண்டா என்பதில் நீதிமன்றங்கள் ஒத்துப்போகவில்லை. சென்னை உயர் நீதிமன்றம் 2006-இல் வரிதாரருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. மும்பை உயர் நீதிமன்றம் வேறொரு வழக்கில் எதிராகச் சொன்னது. பத்திரத்தில் ஒரு பெயரைச் சேர்த்தாலே தீர்ந்துவிடும் விஷயத்துக்கு வழக்கு எதற்கு? புது வீட்டை மூன்று வருடத்துக்குள் விற்கக் கூடாது. விற்றால் இப்போது பெற்ற விலக்குத் தொகை அந்த வீட்டின் அடக்க விலையிலிருந்து கழிந்துவிடும்.

வரி சுழியம், வருமானம் சுழியமில்லை

அவசரமாகக் கணக்குப் போடுபவர்கள் தவறவிடும் இடம் இது. ஒப்பிட்டு விட்டுக்கொடுப்பது வரியை மட்டும். மொத்த வருமானத்தில் ஏறுவது குறியீடு இல்லாத லாபம், விலக்குப் போக மீதி. கணவருக்கு 84,06,000-இல் 42,40,000 போனால் ₹41,66,000 மிச்சம். சம்பளத்தோடு சேர்ந்து மொத்த வருமானம் ₹55,66,000. 50 லட்சத்தைத் தாண்டிவிட்டது. லாபத்தின்மேல் வரி இல்லை என்றாலும், சம்பளத்தின் வரி ₹90,000-க்கு 10 சதவீத சர்சார்ஜ் ஏறும்: செஸ்ஸோடு ₹9,360.

மனைவிக்கு மிச்சம் 56,04,000 − 28,50,000 = ₹27,54,000. சம்பளத்தோடு ₹33,54,000. வழக்கமான ஆண்டில் இவரது சம்பளத்தின் வரி ₹10,000-த்தை 87ஏ தள்ளுபடி துடைத்துவிடும். இந்த ஆண்டு மொத்த வருமானம் 12 லட்சத்தைத் தாண்டியதால் அது கிடைக்காது. செஸ்ஸோடு ₹10,400 கட்ட வேண்டும்.

கணவர் 54இசி பத்திரத்தில் இன்னும் ₹5.7 லட்சம் போட்டு 50 லட்சத்துக்குள் இறங்கலாமே என்ற யோசனை வந்தது. ₹9,360 மிச்சப்படுத்த ₹5.7 லட்சத்தை 5.25 சதவீதத்துக்கு ஐந்து வருடம் பூட்டுவது நல்ல பேரமில்லை. அதைவிட ஒரு சதவீதம் கூடுதலாகத் தரும் வைப்பில் போட்டாலே இரண்டு வருடத்தில் அந்தத் தொகை திரும்ப வந்துவிடும். எல்லை ஒரு கோடியாக இருந்து, லாபத்துக்கும் வரி கட்டும் நிலையாக இருந்தால் கணக்கு மாறும். அப்போது போட்டுப் பார்க்க வேண்டும்.

வாங்குபவர் பிடித்த டிடிஎஸ்

வாங்கியவர்களும் ஒரு தம்பதி, சரிபாதி. 194-ஐஏ பிரிவில் 1 சதவீதம், மொத்தம் ₹1,90,000. அதைக் கட்டும் 26கியூபி படிவம் ஒரு வாங்குபவர், ஒரு விற்பவர் என்ற ஜோடிக்கு ஒன்று. இரண்டு பேர் வாங்கி இரண்டு பேர் விற்றால் நான்கு படிவம். ஒவ்வொரு வாங்குபவரும் கணவர் பெயருக்கு ₹57,000, மனைவி பெயருக்கு ₹38,000.

முதலில் வாங்குபவர்களின் வங்கிக் கடன் பிரிவில் ஒரே படிவமாக, கணவரின் பான் மட்டும் போட்டு, முழு ₹1,90,000-ஐயும் கட்டத் தயாரித்திருந்தார்கள். அப்படியே போயிருந்தால் கணவரின் 26ஏஎஸ்ஸில் (பானில் வரவான வரியைக் காட்டும் அறிக்கை) 1.9 கோடிக்கு விற்றதாக நிற்கும். மனைவியின் பெயரில் டிடிஎஸ்ஸே இருக்காது. பிறகு திருத்த வேண்டுமானால் அதை வாங்கியவர்தான் வருமான வரித்துறையின் ட்ரேசஸ் என்ற டிடிஎஸ் தளத்தில் செய்ய வேண்டும், பான் மாற்றம் என்றால் வரி அதிகாரியின் ஒப்புதல் வரை போகும். வீட்டைப் பதிந்து சாவி வாங்கியவர் அதற்காக அலைவார் என்று எதிர்பார்ப்பது கடினம். ஆகவே கிரய ஒப்பந்தத்திலேயே நான்கு தொகைகளையும் பான் எண்களோடு எழுதிவிட வேண்டும்.

இன்னொரு வாதமும் வந்தது: மனைவியிடமிருந்து ஒவ்வொருவரும் வாங்குவது ₹38 லட்சத்துக்குத்தான், 50 லட்சத்துக்குக் கீழ், டிடிஎஸ் எதற்கு? 1.10.2024 முதல் அந்த வாதத்துக்கு இடமில்லை. எத்தனை பேர் வாங்கினாலும் விற்றாலும் சொத்தின் மொத்தத் தொகை 50 லட்சத்தைத் தொட்டால் எல்லாப் பங்கிலும் பிடிக்க வேண்டும். அட்வான்ஸ் கொடுக்கும்போதே அதற்குரிய 1 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் கட்ட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு ₹200 கட்டணமும் வட்டியும்.

கிரயத்துக்கு முன் சரிபார்க்க வேண்டிய ஒன்று, மனைவியின் பான் ஆதாரோடு இணைந்து செயலில் இருக்கிறதா என்பது. செயலிழந்த பான் என்றால் 1 சதவீதத்துக்குப் பதில் 20 சதவீதம். இங்கே ₹76 லட்சத்தில் ₹15,20,000. பதிவு நாளன்று சார்பதிவாளர் அலுவலக வாசலில் இது தெரிய வந்தால் கிரயமே நின்றுபோகும்.

இதே தம்பதி ₹60 லட்சத்துக்கு வீடு வாங்கும்போது வாங்குபவர் இவர்கள். டிடிஎஸ் பிடிப்பதும் அதற்குரிய படிவம் போடுவதும் இவர்கள் கடமை.

பதிவு தள்ளிப்போனால் பணம் எங்கே நிற்க வேண்டும்

புது வீட்டுக்கு 2026 ஜனவரியில் ₹10 லட்சம் அட்வான்ஸ்: கணவர் 6, மனைவி 4. விற்பவரின் வங்கிக் கடன் தீர வேண்டியிருந்ததால் பதிவு 2026 செப்டம்பர் என்று ஒப்பந்தம். 54-ஆம் பிரிவு இரண்டு வருடம், 16.10.2027 வரை, தருகிறது. அதனால் அவசரமில்லை என்று நினைத்தார்கள். ஆனால் ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசி நாளான 31.7.2026-க்குள் செலவாகாத பணம் 1988-ஆம் ஆண்டுத் திட்டத்தின் மூலதன ஆதாயக் கணக்கில் இருக்க வேண்டும். சேமிப்புக் கணக்கிலோ சாதாரண வைப்பிலோ இருந்தால் செல்லாது. கணவர் ₹31,50,000, மனைவி ₹24,50,000. அவரவர் பெயரில், அவரவர் பானில், தனித்தனிக் கணக்கு. இருவருக்கும் சேர்த்துக் கணவர் பெயரில் ₹56 லட்சத்தைப் போட்டால் மனைவியின் விலக்குக்கு அது ஆதாரமாகாது.

ஏ வகை சேமிப்புக் கணக்கு போன்றது, பி வகை வைப்பு போன்றது. செப்டம்பரில் எடுக்க வேண்டிய பணத்துக்கு ஏ வகை போதும். எல்லாக் கிளைகளிலும் இந்தக் கணக்கைத் திறக்க மாட்டார்கள், கிராமப்புறக் கிளைகளில் கிடையாது. ஜூலை முதல் வாரத்திலேயே கேட்டு வைப்பது நல்லது. முதல் தடவை பணம் எடுக்கப் படிவம் சி. எடுத்ததை 60 நாளுக்குள் வீட்டுக்குச் செலவிட வேண்டும். கணக்கை மூடப் படிவம் ஜி, வரி அதிகாரியின் ஒப்புதலோடு. வட்டிக்கு ஆண்டுதோறும் வரி. வீடு வாங்காமலே போனால், விற்ற நாளிலிருந்து மூன்று வருடம் முடியும் ஆண்டில் அந்தத் தொகை மூலதன ஆதாயமாக வரிக்கு வரும்.

ரிட்டர்ன்

இருவரும் தனித்தனியாக ஐடிஆர்-2 ரிட்டர்ன் படிவம். வாங்கியவர்கள் இருவரின் பெயர், பான், பங்கு, சொத்து முகவரி, மூலதன ஆதாயக் கணக்கின் எண், போட்ட தேதி எல்லாம் கேட்கும். விலக்குக்குப் பிறகு வரி இல்லை என்பதால் தாக்கல் வேண்டாம் என்று எண்ணக் கூடாது. விலக்குக்கு முந்தைய வருமானத்தை வைத்துத்தான் தாக்கல் கடமை வருகிறது. சம்பளமே இல்லாத மனைவிக்கும் இது பொருந்தும். பதிவுத்துறை அனுப்பும் தகவலால் ஏஐஎஸ்ஸில் (வரித்துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கை) இருவர் பெயரிலும் முழு ₹1,90,00,000 நிற்க வாய்ப்புண்டு. அதைப் பார்த்து மிரண்டு முழுத் தொகையையும் காட்ட வேண்டாம். ஏஐஎஸ்ஸிலேயே தகவல் முழுமையாகச் சரியில்லை என்று பதிவு செய்து, ரிட்டர்னில் அவரவர் பங்கை மட்டும் காட்ட வேண்டும். டிடிஎஸ் ₹1,14,000, ₹76,000 இருவருக்கும் வரவாகும். சம்பள வரிக்குப் போக மீதி திரும்பி வரும்.

ஒருவர் வெளிநாட்டில் இருந்திருந்தால், ஒருவர் இல்லாமல் போயிருந்தால்

மனைவி சிங்கப்பூரில் வேலை பார்த்து வரிச் சட்டப்படி வெளிநாட்டில் வசிப்பவராக இருந்திருந்தால், குறியீட்டோடு 20 சதவீதம் என்ற வழி அவரது 40 சதவீதத்துக்குக் கிடையாது, ₹56,04,000-க்கு 12.5 சதவீதம்தான். டிடிஎஸ்ஸும் 195-ஆம் பிரிவுக்கு மாறி, சான்றிதழ் இல்லாவிட்டால் அவரது விற்பனைத் தொகை முழுவதிலும் 12.5 சதவீதம், சர்சார்ஜ், செஸ்ஸோடு பிடிப்பார்கள். படிவம் 13 போட்டுக் குறைந்த விகிதச் சான்றிதழை கிரயத்துக்கு முன் வாங்க வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். கணவரின் பங்குக்கு வழக்கமான 1 சதவீதமே.

விற்பதற்கு முன் கணவர் இறந்திருந்தால், அவரது 60 சதவீதம் தானாக மனைவிக்கு வந்துவிடாது. உயில் இல்லாத இந்துக் குடும்பத்தில் மனைவி, பிள்ளைகள், கணவரின் தாய் எல்லாரும் சம பங்காளிகள். எழுபது வயதுத் தாய் உயிரோடிருக்க, அவர் கையெழுத்து இல்லாமல் விற்ற பத்திரங்கள் பின்னால் நீதிமன்றம் போகின்றன. வாரிசுச் சான்றிதழில் உள்ள ஒவ்வொருவரும் விற்பவர்; ஒவ்வொருவருக்கும் ஒரு பான், தனி 26கியூபி, ஒரு ரிட்டர்ன். வாங்கிய விலையும் வாங்கிய தேதியும் இறந்தவருடையதே தொடரும், ஆகவே 2006 பாஸ்புக்கும் கட்டட பில்களும் வாரிசுகளுக்கும் தேவைப்படும்.